வண்டியைக் காட்டினியா?

காரின் மேல் போர்த்தியிருந்த உறையைத் தம்பி இழுத்தபோது கூடவே ஒரு ஒயரும் வந்தது. ஒரு முனை சுவர் பிளக்கில், மறுமுனை பானட்டுக்குள். நடுவே சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சார்ஜர், பச்சை விளக்கோடு. மூன்றாவது மாடியில் அத்தான் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். கீழே அவருடைய காரின் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை.

"ஓட்டாத வண்டிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு," என்று தம்பி வாய்விட்டே சொன்னான். பக்கத்தில் யாரும் இல்லை. இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்லக்கூடிய ஒரே ஆள் மேலே இருந்தார். இனிச் சொல்லமாட்டார்.

தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலைமுடியில் பாதி போய்விட்டது, மீதி நரைத்துவிட்டது. ஆனால் அக்கா வீட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் அவன் தம்பிதான். அக்காவுக்கும் தம்பி, வாட்ச்மேனுக்கும் தம்பி, எதிர் ஃப்ளாட் டாக்டருக்கும் தம்பி. வேலை டைல்ஸ் கம்பெனியில், கடை கடையாகப் போய்ச் சாம்பிள் காட்டுவது. நான்கு மாதமாக அந்தச் சாம்பிள்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறான். கல்லைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறவனுக்கு எந்தக் கண்டக்டரும் மரியாதை தருவதில்லை.

இன்று காலையும் பஸ்ஸில்தான் வந்தான். அக்கா அழுது முடித்துவிட்டு, அடுத்த அழுகைக்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்துகொண்டிருந்தாள்.

"டேய், பாப்பா பிளேன் பதினோரு மணிக்கு. அப்பா முகத்தைப் பாக்க வரா, நீ போய்க் கூட்டிட்டு வா."

"டாக்ஸி சொல்லிடறேன்க்கா."

"டாக்ஸி வேணாம். முன்பின் தெரியாத ஆள் முதுகைப் பாத்துக்கிட்டு அவ அழுதுட்டு வரணுமா? அவர் வண்டியை எடுத்துக்கோ. சாவி பிரஷ் வெக்கிற டம்ளர்ல இருக்கு."

"டம்ளர்லயா?"

"தினமும் கண்ல பட்டாத்தான் பேட்டரி ஞாபகம் வருமாம்."

"வண்டி ஓடுதில்ல? எதுக்கு மூடி வெச்சிருக்கு?"

"ஓடாம என்ன? டெஸ்ட் தேதி முடிஞ்சுபோச்சு, ரோட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டார். ஆஸ்பத்திரிக்கெல்லாம் பஸ்லதான். ஜன்னல் சீட் கிடைச்சா மகாராஜா மாதிரி உக்காந்துக்குவார். கிடைக்கலன்னா என்னை முறைப்பார், நான் என்னமோ பஸ்ஸுக்கு முதலாளி மாதிரி."

தம்பி சாவியோடு நின்றான். "டெஸ்டுக்கு அவர் காட்டவே இல்லையா?"

"இல்லையே."

"ஏன்?"

"என்னைக் கேக்கறியா? உங்க ரெண்டு பேர் வண்டிக் கதையில நான் என்னிக்குத் தலையிட்டேன்?"

அந்த வண்டிக் கதை இதுதான்.

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடல் டீசல் கார் இரண்டு வாங்கினார்கள். சேர்ந்து வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்று சொன்னது தம்பி. மூன்று மணி நேரம் பேசி அவன் வாங்கிக் கொடுத்த தள்ளுபடி கடைசியில் இரண்டு ரப்பர் மிதியடி.

அந்த மாடலில் புகை போகும் வழியில் சமையல் பானை அளவுக்கு ஒரு ஃபில்டர் உண்டு. கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் வண்டி திணறும். புதிது வாங்குவதற்குப் பேசாமல் வேறு வண்டி வாங்கிவிடலாம். ஆகவே அந்த வண்டி வைத்திருந்த பலரும் செய்ததை இவர்களும் செய்தார்கள். தம்பியின் ஃபில்டர் அடைத்தபோது அத்தான் அதை அறுத்தார். உள்ளே தேன்கூடு மாதிரி இருந்ததைத் தட்டிக் கொட்டினார். வெறும் கூட்டைத் திரும்பப் பற்றவைத்து மாட்டினார். லேப்டாப்பை இணைத்து, வண்டியின் மூளைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பொய் சொல்லிக் கொடுத்தார். அத்தானுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. பாதி வழியில் நின்றுபோன எதையும் நகர்த்திவிடுவார்.

மூச்சை அடைக்க உள்ளே ஒன்றும் இல்லாததால் வண்டி பறந்தது, கரியைக் கக்கிக்கொண்டே. அதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. தன் வண்டியின் நல்ல ஃபில்டரைக் கழற்றிப் பழைய போர்வைக்குள் சுற்றி வைத்துவிட்டு, இரும்புக் கடையில் கிடைத்த காலிக்கூடு ஒன்றை மாட்டிக்கொண்டார். வருடத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதனை நிலையத்தில் காட்டவேண்டும். ஒன்றாக வாங்கினாலும் நம்பர் கிடைத்த தேதி வேறு, ஆகவே தம்பியின் வண்டிக்கு ஒரு மாதம், அத்தானுடையதற்கு வேறு மாதம். எந்த வண்டியின் முறையோ அதில் போர்வைக்குள்ளிருந்த நல்லது ஏறும். பாஸானதும் மறுபடி போர்வைக்குள் போகும். இரண்டு வண்டிக்கு ஒரு ஃபில்டர். அண்ணனும் தம்பியும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிற மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் காருக்கு அடியில் படுத்திருப்பார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தப்பான ஸ்பானரை எடுத்துக் கொடுப்பான்.

"பதினாலு கேட்டா பதினேழு கொடுக்கறியே மாப்ள, டைல்ஸும் இப்படித்தான் விக்கிறியா? பாத்ரூமுக்குக் கேட்டா மொட்டை மாடிக்குக் கொடுப்பியா?"

"மொட்டை மாடிக்குக் கமிஷன் ஜாஸ்தி அத்தான்."

கடைசியில் அத்தான் சைலன்சர் வாய்க்குள் மண்ணெண்ணெய்த் துணியை விட்டுத் துடைப்பார். பிறகு தன் ஆள்காட்டி விரலை உள்ளே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். விரல் சுத்தமாக வந்தால்தான் வண்டி கிளம்பும். நல்ல ஃபில்டர் உள்ளே இருக்கும்வரை அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் குழாயில் கரி ஏறாது. இரண்டு வண்டியையும் அவரேதான் டெஸ்டுக்கு ஓட்டிப் போவார். தம்பி வந்தால் பேசியே ஃபெயிலாக்கிவிடுவான் என்பது அவருடைய பயம். அதில் நியாயமும் இருந்தது.

இந்த வருடம் விதி மாறியது. அதுவரை புகை கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இப்போது கரித்துகளை எண்ணுகிற மெஷின் வந்துவிட்டது. ஃபில்டரில் பொறித்திருக்கும் எண்ணை வண்டியின் பேரில் பதிந்துவிடுவார்கள், அப்புறம் அது வேறு வண்டிக்குச் செல்லாது. நடுரோட்டில் நிறுத்தியும் குழாயில் கருவியைச் செருகுவார்கள். ஒரு ஃபில்டருக்கு ஒரு வண்டி. கோட்டை யாராவது ஒருவர்தான் போட்டுக்கொள்ள முடியும்.

"டாஸ் போடலாமா அத்தான்?" என்று தம்பி தன் வண்டியின் டெஸ்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் பையில் காசு தயாராக இருந்தது.

"நீ மேல போய் உங்கக்காவை டீ போடச் சொல்லு. நீ பக்கத்துல இருந்தா ஸ்பானருக்கே குழப்பம்."

டீயோடு இறங்கி வந்தபோது வேலை முடிந்திருந்தது. காலிப் போர்வை மடித்துக் கிடந்தது. அத்தான் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எது எதுல அத்தான்?"

"கொண்டுபோய்க் காட்டு மாப்ள. மெஷின் சொல்லும்."

"நீங்க ஓட்டிட்டுப் போகலையா?"

"இந்த வருஷம் நீயே போ."

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பியின் வண்டி இழுக்கவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து அவமானப்படுத்தியது. முந்தின நாள்வரை பறந்த வண்டி. தம்பிக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் நிறமும், டீசல் ஊற்றும் பக்கமும்தான். அந்த அறிவை வைத்துக்கொண்டு மேம்பாலம் இறங்குவதற்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். நல்லதை அத்தான் எடுத்துக்கொண்டார். காலிக்கூட்டை நமக்கே விட்டுவிட்டார். லேப்டாப்பில் கைவைத்து எதையோ கெடுத்தும் வைத்திருக்கிறார். அதனால்தான் கூட வரவில்லை.

டெஸ்டுக்குப் போகவில்லை. பரீட்சையே எழுதாதவனை யாரும் ஃபெயிலாக்க முடியாது என்று மனைவியிடம் சொன்னான். "போய்த்தான் காட்டேன், என்ன ஆயிடும்?" என்றாள். நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு அனுப்புவார்கள் என்று விளக்கினான். தேதி முடிந்தது. வண்டியை மூடினான். தோள்பை வாங்கினான்.

அத்தானோடு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் மரியாதையாகப் பேச ஆரம்பித்தான். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட 'எப்படி இருக்கீங்க' என்று அவரைக் கேட்டதில்லை, கேட்டால் 'ஏன், கடன் வேணுமா' என்பார். இப்போது போன் செய்தால் முதலில் அதைத்தான் கேட்டான். "உடம்பைப் பாத்துக்கங்க அத்தான்," என்று சொல்லி வைத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பழம் வாங்கிக்கொண்டு போய், நாற்காலி நுனியில் பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தான். அத்தானும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"வண்டியைக் காட்டினியா மாப்ள?"

"டைம் கிடைக்கல அத்தான்."

வெந்த புண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறார் என்று தம்பி நினைத்துக்கொள்வான். போனவாரம் ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுக்கூட அதையேதான் கேட்டார். "காட்டறேன்," என்றான் தம்பி, எல்லாரிடமும் சொல்வதுபோல.

இப்போது சாவியைத் திருப்பியதும் அத்தானுடைய வண்டி உடனே கிளம்பியது. தெருமுனை தாண்டி, பெரிய சாலையில் ஏறி, தம்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். வண்டி பாய்ந்தது. முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் வந்துகொண்டிருந்த பள்ளி வேன் ஒரு கணம் கறுப்புக்குள் மறைந்து மறுபடி வெளியே வந்தது.

காலை எடுத்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அழுத்தினான். மறுபடி பாய்ச்சல், மறுபடி கறுப்பு.

அவன் வண்டியும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இப்படித்தான் ஓடியது.

சரி, என்று தம்பி தனக்குத்தானே சொன்னான். நல்லதை அத்தான் யாருக்காவது விற்றிருப்பார். விதி மாறியபிறகு அந்த ஃபில்டருக்கு எவ்வளவு கிராக்கி! மருந்துச் செலவு வேறு. ரெண்டு வண்டியிலும் காலிக்கூட்டை மாட்டிவிட்டு நல்லதைத் தள்ளிவிட்டிருப்பார். அப்படித்தான் இருக்கும். வயதான மனுஷன், யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்திருப்பார், பாவம். செத்துப்போனவரை ஒரே நிமிடத்தில் திருடனாக்கி, அடுத்த நிமிடத்தில் மன்னித்தும் விட்டான். மனசு லேசாகும் என்று பார்த்தான். ஆகவில்லை.

விமான நிலையத்தில் கார் நிறுத்தும் இடத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"என்ன சார், இந்த வண்டியையெல்லாம் இன்னும் வெளிய விட்டு வெச்சிருக்காங்களா?"

"இன்னைக்கு ஒருநாள்தான் தம்பி."

"நாளைக்கு?"

"நாளைக்கு இதுக்கு ஓட்ட ஆள் இல்ல."

பையன் சிரித்துவிட்டு, பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்துப் போய்விட்டான்.

தம்பி வண்டியின் பின்னால் போய்க் குந்தினான். ஆள்காட்டி விரலைச் சைலன்சருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டாவது கணுவரை கரி. கைக்குட்டையில் துடைத்தான். கைக்குட்டைதான் கறுத்தது, விரல் அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் அக்கா மகள் வந்துவிட்டாள். ஒரே ஒரு சின்னப் பெட்டி. "மாமா," என்று அவன் தோளில் சாய்ந்தாள். அவன் அந்த ஒரு விரலை மட்டும் அவள் சட்டையில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கு விரல்களால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றான்.

வழியில் அவள் அழவில்லை. ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள்.

"அப்பா வண்டி வாசனை அப்படியே இருக்கு."

"டீசல் வாசனைம்மா அது."

"இல்ல மாமா, அப்பா வாசனைதான்." கொஞ்ச தூரம் போனபிறகு, "ஒண்ணு கேக்கணும். நான் எப்ப போன் பண்ணாலும் அப்பா, 'உங்க மாமா வண்டியைக் காட்டிட்டானா, கேட்டியா'ன்னுதான் ஆரம்பிப்பார். நீங்க டெஸ்ட் பாஸாகறதுல அவருக்கு என்ன மாமா அவ்வளவு அக்கறை?"

"வேற என்ன சொன்னார்?"

"வேற ஒண்ணும் சொல்லல. 'அவன் கல்லு தூக்கற பய, வண்டி இல்லாம கஷ்டப்படுவான்'னார். அப்புறம் சிரிச்சார். சிரிச்சா இருமல் வரும், அதோட பேச்சு நின்னுடும்."

சிக்னலில் வண்டியை நிறுத்தினான். பக்கத்தில் ஒரு பஸ் நின்றது. ஜன்னல் சீட்டில் ஒரு பெரியவர் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ். இந்த நான்கு மாதத்தில் அத்தானுடைய பஸ்ஸும் கல்மூட்டையோடு அவன் போன பஸ்ஸும் ஏதாவது ஒரு சிக்னலில் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கலாம். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மதியம் அத்தானை எடுத்தார்கள். அவரோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேர் முன்கூட்டியே வந்து அளந்து பார்த்திருந்தார்கள். லிஃப்டுக்குள் படுக்கவைத்துக் கொண்டுபோக இடமில்லை, நிமிர்த்தி நிறுத்த அக்கா சம்மதிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பார்த்த மனிதரை மூன்று மாடியும் படியிலேயே இறக்கினார்கள். தம்பி தலைமாட்டில் ஒரு முனையைப் பிடித்திருந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்தது. இதைப் பற்றி அவனிடம் ஒரு நல்ல ஜோக் இருந்தது. அதைக் கேட்டிருந்தால் அத்தான் இருமி இருமிச் சிரித்திருப்பார். அவர் காதுக்கு அவன் வாய் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. சொல்லாமலே இறங்கினான்.

எல்லாம் முடிந்து திரும்பியபிறகு கை கழுவினான். சோப்புப் போட்டு, மறுபடி போட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரையும் போட்டான். நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் கரி தங்கிவிட்டது. அக்கா துண்டை நீட்டினாள்.

"அந்த வண்டியை என்னடா பண்றது?"

"எடைக்குத்தான் போகும்க்கா."

"உனக்கு ஏதாவது பார்ட்டு கீர்ட்டு வேணும்னா எடுத்துக்கோ. ரெண்டும் ஒரே வண்டிதானே." அவன் துண்டால் விரலை அழுத்தித் துடைத்தான். "அன்னிக்கு வண்டிக்கு அடியில படுத்து எழுந்து வந்தார் பாரு, அன்னிக்குத்தான் முதல் தடவையா நெஞ்சு அடைக்குதுன்னார். உன்கிட்டச் சொல்லாதேன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினார். சொன்னா நீ டீ குடிக்காமப் போயிடுவியாம்."

தம்பி துண்டை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"நான் கிளம்பறேன்க்கா. நாளைக்குக் காலைல வரேன்."

"பஸ்லயா?"

"ம்."

அவன் வீட்டுப் பக்கத்துச் சந்துக்குள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. காரின் உறைமேல் காய்ந்த இலைகளும் பூனைக்கால் தடங்களும். அவன் தன் பேட்டரிக்குச் சாப்பாடு எதுவும் போடவில்லை, அது எப்போதோ செத்திருக்கும். ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"இப்ப எதுக்கு வண்டியைத் திறக்கறீங்க?"

"சும்மா."

பின்பக்க உறையை மட்டும் தூக்கி டிக்கிமேல் போட்டுவிட்டுக் குந்தினான். வலதுகை விரல் ஏற்கெனவே கறுப்பு, அதை வைத்துக்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. இடதுகை விரலை நுழைத்தான். சுற்றினான். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

இன்னும் உள்ளே விட்டான். மேல்பக்கம், கீழ்ப்பக்கம், மடிப்பு இருக்கும் இடம். எங்காவது ஒரு மூலையில் துடைக்க மறந்தது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், இருக்காமல் போகாது. கன்னத்தைப் பம்பரில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் போகிற மட்டும் தடவினான். மோதிரம் குழாயின் விளிம்பில் தட்டியது. அதற்கு மேல் போகவில்லை.

வெளியே எடுத்தான். பையிலிருந்த கைக்குட்டையைத் தேடி எடுத்து, அதில் கறுக்காத ஒரு மூலையைக் கண்டுபிடித்து, ஒன்றுமே ஒட்டாத அந்த விரலைத் துடைத்தான். பிறகு இன்னொரு முறை துடைத்தான்.